வெள்ளத்தின் பெயர் கொண்ட மலரும் அதனை எண்ணும் நகரமும்

1967ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகரத்து வாக்காளர்கள் தங்கள் மீது தாங்களே ஒரு வரியை விதித்துக்கொண்டார்கள். கடையில் வாங்கும் பொருளின் பெறுமதியில் டொலர் ஒன்றுக்கு ஒரு சதம் மேலதிக விற்பனை வரி. அந்தச் சதத்தில் நாற்பது வீதம் நகரைச் சூழவுள்ள திறந்தவெளி நிலங்களை விலைக்கு வாங்கிப் பேணுவதற்கு. எஞ்சிய அறுபது வீதம் வீதிகளுக்கும் போக்குவரத்துக்கும். இந்த நோக்கத்துக்கென மக்கள் தாமே வாக்களித்து வரி செலுத்த முன்வந்த முதலாவது அமெரிக்க நகரம் போல்டர்தான். வரிக்கு எதிரான ஊர்வலங்களையும் கண்டனக் கூட்டங்களையும் பற்றியே செய்தி எழுதிப் பழகிய என் போன்றோருக்கு இதனை முதன்முதலில் வாசித்தபோது நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

இன்று அந்த நகரத்துக்குச் சொந்தமாக 45,000 ஏக்கருக்கும் மேற்பட்ட மலைச்சரிவு, புல்வெளி, ஆற்றோர நிலம் என்பன உள்ளன. மக்கள் வசிக்கும் நகரப் பரப்பைக் காட்டிலும் இது இரு மடங்குக்கும் கூடுதலானது. இவ்வளவு நிலத்தையும் வாங்கிய பின்னர் அதிலே என்ன முளைக்கிறது என்பதை யார் போய்ப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, பார்த்ததை வைத்து என்ன செய்வது என்ற கேள்விகள் எழுந்தன. நிலம் வாங்கிய கதை பலராலும் எழுதப்பட்டுவிட்டது. செடியைத் தேடிச் சென்ற கதை அவ்வளவாக எழுதப்படவில்லை. எனக்கு இரண்டாவதே முக்கியமாகப் படுகிறது.

வாங்குவதற்கு அங்கே நிலம் இருந்தது எவ்வாறு என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். றொக்கி மலைத்தொடர் சமவெளியைத் தொடும் அந்த அடிவாரம் அரப்பாஹோ மக்கள் குளிர்காலத்தைக் கழித்த இடம். 1851இல் செய்யப்பட்ட லரமி உடன்படிக்கை அது அரப்பாஹோ, செயேன் மக்களுடைய நிலம் என்பதை ஏற்றுக்கொண்டிருந்தது. 1859இல் பொன் தேடி வந்தவர்கள் அங்கே நகரத்தை அமைத்தார்கள். 1864 நவம்பரில் சாண்ட் கிறீக் என்னுமிடத்தில் அரப்பாஹோ, செயேன் மக்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் படுகொலை செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும் முதியோரும். அதில் பங்கெடுத்த தொண்டர் படையினரில் ஒரு பிரிவினர் பயிற்சி பெற்றது போல்டருக்கு அருகிலிருந்த சேம்பர்ஸ் கோட்டையில். அந்தக் கோட்டை இருந்த நிலத்தையும் மாநகரசபை 2018இல் திறந்தவெளிக்காக வாங்கியது. பொதுமக்களின் நிலம் என்று பெருமையோடு சொல்லும்போது அந்தப் பொதுமக்கள் யார் என்ற கேள்வி உடனிருந்து உறுத்துகிறது.

நகரத்தின் நிலம் வாங்கும் பழக்கம் 1898இல் ஆரம்பிக்கிறது. வெப்பம் தாளாத டெக்சஸ் மாநிலத்து ஆசிரியர்கள் கோடைகாலப் பாசறை ஒன்றுக்கு இடம் தேடினார்கள். அதனைத் தம்மூருக்கு இழுக்க விரும்பிய போல்டர் வாக்காளர்கள் கடன்பத்திரம் வெளியிட அனுமதி கொடுத்து, ஷட்டோக்குவா என்று இன்று அழைக்கப்படும் மலையடிவார நிலத்தை வாங்கினார்கள். அதே 1898இல்தான் பிரான்சிஸ் ரமேலி என்னும் தாவரவியலாளர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பணிக்குச் சேர்ந்தார். ஒரு பக்கம் நகரம் நிலம் சேர்க்க, மறுபக்கம் பல்கலைக்கழகத்தார் அயற்புறத்துச் செடிகளைப் பறித்து, உலர்த்தி, பெயரெழுதித் தாள்களில் ஒட்டிச் சேர்த்தார்கள். இந்த இரண்டு சேகரிப்புகளும் ஒன்றையொன்று சந்திக்க எழுபது, எண்பது ஆண்டுகள் எடுத்தன.

நகரை மேம்படுத்துவதற்கு ஆலோசனை கூறும்படி நிலவடிவமைப்பாளர் பிரெட்ரிக் லோ ஒல்ம்ஸ்டெட் இளையவரிடம் கேட்கப்பட்டது. நியூயோர்க் மத்திய பூங்காவை வடிவமைத்தவரின் மைந்தர் இவர். ஓடைக்கரைகளைக் கட்டடங்களால் நெருக்காதீர்கள், ஆறு பெருகும்போது அதற்கு இடம் வேண்டும் என்ற பொருளில் அவர் எழுதி 1910இல் வெளிவந்த அறிக்கை நெடுங்காலம் அலுமாரியில் கிடந்தது. அறிக்கைகளின் தலைவிதி எல்லா நாடுகளிலும் ஒன்றுதான் போலும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. 1952இல் டென்வரிலிருந்து அகன்ற நெடுஞ்சாலை வந்தது. மத்திய அரசின் ஆய்வுகூடங்கள் வந்தன. தெற்கே றொக்கி பிளட்ஸில் அணுவாயுதத் தொழிற்சாலை வந்தது. 1950இல் ஏறத்தாழ 20,000ஆக இருந்த சனத்தொகை 1970இல் 66,000ஐத் தாண்டியது. மலைச்சரிவில் வீடுகள் ஏறத் தொடங்கியபோது பௌதிகவியல் பேராசிரியர் அல்பேட் பார்ட்லெட்டும் கணிதப் பேராசிரியர் றொபேட் மக்கெல்வியும் வேறு சிலரும் சேர்ந்து எளிமையான ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: ஏறத்தாழ 5,750 அடி உயரத்துக்கு மேலே மாநகரசபை குழாய்நீர் வழங்கக்கூடாது. தண்ணீர் இல்லாத இடத்தில் வீடு எழாது. 1959இல் வாக்காளர்கள் இதனை ஏற்று நகர சாசனத்தில் எழுதினார்கள். நீலக்கோடு என்று அதற்குப் பெயர். ஆயினும் கோடு மலையை மட்டுமே காத்தது. ஆற்றோரத்துத் தாழ்நிலங்களைக் காக்கவில்லை. மலையில் ஆடம்பர ஹோட்டல் கட்டவிருந்த ஓரிடத்தை 1962இல் கடன்பத்திரம் வெளியிட்டு வாங்க நேர்ந்தபோது, ஒவ்வொரு தடவையும் இப்படி அவசரமாகப் பணம் திரட்ட முடியாது என்பது புரிந்தது. 1967 வரி அந்த அனுபவத்தின் பேறு.

இந்த முயற்சிகள் எதிலும் அரிய தாவரம் என்ற சொல் முன்னுக்கு நிற்கவில்லை. மலையின் அழகு, நகரம் பரவாமல் தடுத்தல், நடந்து திரிய இடம் என்பனவே காரணங்கள். 1986இல் திறந்தவெளியின் நோக்கங்களைச் சாசனத்தில் எழுதியபோதுதான், அசாதாரணமான நிலவமைப்பும் தாவரங்களும் விலங்குகளும் உள்ள பகுதிகளைப் பேணுவது நகரத்தின் கடமைகளில் ஒன்றாக இடம்பெற்றது.

இது வெறும் அலங்கார வாசகம் அல்ல என்பதை விளங்கிக்கொள்ள அமெரிக்கச் சட்டத்தில் உள்ள ஓர் ஓட்டையை அறிய வேண்டும். 1973ஆம் ஆண்டின் அருகிவரும் இனங்கள் சட்டம் உலகப் புகழ்பெற்றது. பட்டியலிடப்பட்ட விலங்கு ஒன்றைத் தனியார் காணியில் வைத்துக் கொன்றாலும் குற்றம். தாவரத்துக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. மத்திய அரசின் நிலத்தில் பிடுங்கினால் குற்றம். தனியார் காணியிலே, மாநிலச் சட்டம் எதுவும் தடுக்காதவரையில், உரிமையாளர் தமது செடியை உழுது புரட்டலாம். ஆங்கிலேயரின் பழைய பொதுச்சட்டத்தில் காட்டு விலங்கு எவருக்கும் சொந்தமில்லை, நிலத்தில் வேரூன்றியதோ நிலத்தோடு சேர்ந்தது. அந்தக் கருத்தின் நிழல் இன்னும் நீங்கவில்லை. கொலராடோ மாநிலத்திலும் தாவரங்களைக் கட்டாயமாகக் காக்கும் சட்டம் இருக்கவில்லை. அரிய தாவரங்களை ஆராயும் பொறுப்பையே மாநிலத்தின் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சட்டம் 2024இல்தான் வழங்கியது. ஆகவே ஒரு செடிக்கு அந்த நாட்டில் கிடைக்கக்கூடிய உறுதியான பாதுகாப்பு, அது நிற்கும் நிலத்தின் சொந்தக்காரர் யார் என்பதிலேயே தங்கியிருந்தது. போல்டர் நகரத்து மக்கள் கடைக்குக் கடை கொடுத்த சதங்கள் தம்மையறியாமலே இந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தன.

இனி அந்த மலருக்கு வருவோம்.

தெற்கு போல்டர் ஓடையின் ஈரப்புல்வெளிகளில் ஜூலை இறுதியிலிருந்து ஓகஸ்ட் வரை, முழங்காலளவு உயரத்தில், தந்தநிறப் பூக்கள் தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஓர்கிட் ஒன்று பூக்கிறது. பின்னல் போலத் தோன்றுவதால் மகளிர் பின்னல் என்றும், யூட் பழங்குடியினரின் பெயரைச் சேர்த்து யூட் மகளிர் பின்னல் என்றும் அழைப்பார்கள். நெடுங்காலம் இதனை வேறு இனங்களாகவே கருதி வந்தார்கள். 1984இல்தான் சார்ள்ஸ் ஷெவியாக் என்ற தாவரவியலாளர் இது தனியினம் என்று நிறுவி, ஸ்பைரந்தீஸ் டிலூவியாலிஸ் என்று பெயரிட்டார். டிலூவியாலிஸ் என்றால் பெருவெள்ளத்துக்குரியது. மலைகளில் வாழும் ஓர் ஓர்கிட்டும் சமவெளியில் வாழும் மற்றொன்றும், மேற்கு அமெரிக்கா ஈரமும் குளிர்ச்சியும் மிகுந்திருந்த பண்டைய யுகத்தில் சந்தித்துக் கலந்து, இரண்டின் நிறமூர்த்தங்களையும் முழுமையாகச் சுமந்த புதிய இனம் பிறந்தது என்பது அவருடைய விளக்கம். ஒன்றுக்கு 44, மற்றதற்கு 30, இதற்கு 74. கூட்டல் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருவது உயிரியலில் அபூர்வம்.

1992 ஜனவரியில் மத்திய அரசு இதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. அப்போது கொலராடோவிலும் யூட்டாவிலும் மட்டுமே அது உயிரோடிருப்பதாக அறியப்பட்டிருந்தது. ஆற்றோரங்கள் நகரங்களாகவும் சரளைக்கல் குழிகளாகவும் மாறிவிட்ட கொலராடோ அடிவாரத்தில் எஞ்சியிருந்த பெரிய கூட்டங்களில் ஒன்று போல்டர் மாநகரசபையின் நிலத்தில் நின்றது.

அதனை எப்படி எண்ணுவது? பூக்காதபோது இந்தச் செடி சில மெல்லிய இலைகள் மட்டுமே, புல்லுக்குள் புல். ஆகவே பூக்கும் அந்தச் சில வாரங்களில், தகுந்த பயிற்சி பெற்றவர்கள் வரிசையாக நின்று, ஈரத்தில் கால் புதைய, அடியடியாக நடந்து தண்டுகளை எண்ண வேண்டும். அப்படி எண்ணியபோது கிடைத்த தொகைகள் எண்ணியவர்களையே திகைக்க வைத்தன. ஒரே வெளியில் ஓராண்டு ஆயிரக்கணக்கில் பூத்தது மறு ஆண்டு நூற்றுக்கணக்காகச் சுருங்கியது. பின்னர் மீண்டும் பெருகியது. செத்துப்போனவை திரும்பி வரவில்லை. தூசு போன்ற இதன் விதை மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையின்றி முளைக்காது. முளைத்த பின்னும் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்கடியிலேயே கிடக்கக்கூடும். வளர்ந்த செடியும் சில பருவங்கள் மேலே தலைகாட்டாமல் உறங்கிவிடும். எனவே கணக்கெடுப்பில் பூச்சியம் என்று விழுந்தால், இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. ஒரு சம்பவம் நடக்கவில்லை என்பதற்கும், அது பற்றித் தகவல் வரவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் செய்தியறையில் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நாங்கள் பட்டபாடு நினைவுக்கு வருகிறது.

இந்தக் காரணத்தால் ஒரு தடவை கணக்கெடுத்து வரைபடம் தயாரித்து முடித்துவிடும் வேலையாக இது அமையவில்லை. அடையாளமிட்ட சிறு பரப்புகளுக்கு ஆண்டுதோறும் திரும்பிச் சென்று, எந்தச் செடி தோன்றியது, எது தோன்றவில்லை என்று குறிக்க வேண்டியிருந்தது. வாங்கும் நாளில் பத்திரிகைக்குப் படம் பிடிக்கலாம். இருபதாம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் படம் பிடிக்க எவரும் வருவதில்லை.

கணக்கெடுப்பு வெளிப்படுத்திய அடுத்த விடயம் பாதுகாப்பாளர்களின் நம்பிக்கையையே அசைத்தது. ஓர்கிட் நின்ற வெளிகள் மனிதக் கை படாத இயற்கை நிலங்கள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து விவசாயிகள் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி, கோடையில் உலர்புல் அறுத்து, பின்னர் மாடுகளை மேயவிட்ட வெளிகள் அவை. காட்டாற்று வெள்ளம் முன்னர் செய்த வேலையை வாய்க்கால் நீரும் அரிவாளும் மாட்டின் வாயும் செய்து வந்தன. அரிய செடி இருக்கிறது, ஆகவே வேலியடைத்து எல்லோரையும் வெளியேற்றுவோம் என்று தீர்மானித்தால், உயர்ந்து அடரும் புல்லும் களையும் ஓர்கிட்டை மூடி நெருக்கிவிடும். எனவே மாநகரசபை வாய்க்கால்களின் நீருரிமையை வைத்துக்கொண்டு, நிலத்தை விவசாயிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்து, அவர்களுடைய பழைய வேலையைத் தொடரச் செய்தது. சதுப்புக்குள் மாடு ஓட்டும் குத்தகைக்காரர் ஓர்கிட் காவலராகவும் ஆனார்.

ஆனால் எப்போது அறுப்பது? அங்கேதான் சிக்கல். உலர்புல் வெளியில் பொபோலிங்க் என்னும் பறவை நிலத்தில் கூடு கட்டுகிறது. குஞ்சுகள் பறக்கும்வரை, அதாவது ஜூலை நடுப்பகுதி வரை, அறுக்கக்கூடாது. ஓர்கிட்டின் பூந்தண்டு அதற்குச் சிறிது பின்னர் எழும். எழுந்த பின் அறுத்தால் அந்த ஆண்டு விதை இல்லை. இடையில் கிடைப்பது சில நாட்கள். போதாக்குறைக்கு, 1998இல் பட்டியலிடப்பட்ட ப்ரெபிள் துள்ளெலி அதே ஓடைக்கரையில் வாழ்கிறது. அதற்கு வேண்டியது அடர்ந்து உயர்ந்த, மேயப்படாத புல். இரண்டையும் ஒரே சட்டம் காக்கிறது. இரண்டுக்கும் வேண்டியவை எதிரெதிரானவை. இந்த வெளி இதற்கு, அந்தக் கரை அதற்கு என்று துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கும் முதலில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஓர்கிட் மட்டுமே இருப்பதாக நினைக்க வேண்டாம். கொலராடோவின் வட அடிவாரத்துக் களிப்பாறைகளில் மட்டும் வாழும் மஞ்சள் மலர்ச்செடி ஒன்றும், வெண்பாறைகள் என்னும் மணற்கல் குன்றில் ஒரு கரும்பன்னமும் உள்ளன. வெண்பாறைக்கு வழிகாட்டி இன்றிப் பொதுமக்கள் போக முடியாது. 1946இல் போல்டருக்கு வந்து, 2020இல் 101 வயதில் காலமாகும்வரை கொலராடோ தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் வெபர் போன்றோர் ஒட்டிவைத்த பழைய மாதிரித் தாள்களே, எந்தப் பாறையைப் பார்க்க வேண்டும் என்பதைப் பின்வந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்தன. அரிய செடி நிற்கும் சரியான இடங்கள் பொது வரைபடங்களில் தரப்படுவதில்லை. பொதுப் பணத்தில் வாங்கிய நிலம் பற்றிய தகவலைப் பொதுமக்களிடமிருந்து மறைப்பது பத்திரிகையாளன் என்ற முறையில் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் ஓர்கிட் திருடர்கள் உலகெங்கும் இருப்பதை எண்ணும்போது இதில் வாதாட எனக்கு வலுவில்லை.

அதிகக் கோபம் கிளம்பியது நடைபாதைகளாலும் நாய்களாலும். 2005இல் மாநகரசபை ஏற்றுக்கொண்ட வருகையாளர் திட்டம் நிலத்தை வகைப்படுத்தி, சில பகுதிகளை வாழிடப் பாதுகாப்புப் பகுதிகள் என அறிவித்தது. அங்கே பாதையை விட்டு விலகி நடக்க அனுமதிச்சீட்டு வேண்டும். எங்கள் வரிப்பணத்தில் வாங்கிய நிலத்தில் எங்கள் நாயை அவிழ்த்துவிடக்கூடாதா என்று எழுந்த குரல் இன்னும் ஓயவில்லை. அதனைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்றுண்டு. நகரைச் சுற்றி நிலத்தை அடைத்துவிட்டால் உள்ளே உள்ள நிலத்தின் விலை ஏறும். ஏறியது. ஆசிரியர்களும் தாதியரும் கடைச் சிப்பந்திகளும் உட்படப் பல்லாயிரவர் அந்த நகரத்தில் வேலை செய்தும் அங்கே குடியிருக்க முடியாமல் நாள்தோறும் வெளியிலிருந்து வந்து போகிறார்கள். திறந்தவெளி மட்டுமே இதற்குக் காரணம் என்பது நியாயமாகாது. அதற்குப் பங்கே இல்லை என்பதும் உண்மையாகாது.

2013 செப்டெம்பரில் ஒரே வாரத்தில் ஓராண்டு மழையை நெருங்கும் அளவு போல்டரில் கொட்டியது. தெற்கு போல்டர் ஓடை நெடுஞ்சாலையின் மேலாகப் பாய்ந்து, முதியோர் இல்லம் உட்பட ஒரு குடியிருப்புப் பகுதியையே மூழ்கடித்தது. ஒல்ம்ஸ்டெட்டின் அறிக்கைக்கு நூற்று மூன்று வயது. இனியொரு தடவை இப்படி நேராமல் தடுக்க, நெடுஞ்சாலையோரமாக வெள்ளத்தைத் தேக்கும் அணைச்சுவர் ஒன்று திட்டமிடப்பட்டது. அதன் இடம் பல்கலைக்கழகம் 1996இல் வாங்கியிருந்த பழைய சரளைக்கல் குழிகளும் அதனையடுத்த நகரத் திறந்தவெளியும். அதாவது ஓர்கிட்டின் அயல். சுவருக்கான அத்திவாரம் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும்போது நிலத்தடி நீரோட்டம் தடைப்பட்டு, கீழேயுள்ள ஈரப்புல்வெளி காய்ந்துபோகலாம் என்ற அச்சம் எழுந்தது. அந்த நீரைச் சுவரைக் கடத்திக் கொண்டு செல்லும் அமைப்பும் வரைபடத்தில் சேர்க்கப்பட்டது. 2021இல் நகர சபை பல்கலைக்கழக நிலத்தை நகரத்துடன் இணைக்க ஒப்புதல் அளித்தது. 2022 நவம்பரில் அதனை இரத்துச் செய்யக் கோரிய பிரேரணையை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். தண்ணீருக்குள் நின்று பெற்றோரைத் தூக்கி வந்தவர்களிடம் ஒரு பூவைப் பற்றிப் பேசுவது இலகுவல்ல. ஆயினும் வெள்ளத்தின் பெயரைச் சுமக்கும் செடி, வெள்ளத்தைத் தடுக்கும் சுவரோடு வாழ முடியுமா என்ற கேள்வி பொறியியலாளர்களின் மேசை வரை சென்று, நீர் கடத்தும் குழாயாக வரைபடத்தில் ஏறியதற்குக் காரணம் பல பத்தாண்டுக் கணக்கெடுப்பு கையில் இருந்ததே.

இதற்கிடையில் மற்றொரு திருப்பம். பட்டியலிடப்பட்ட பின்னர் மேற்கு மாநிலங்களெங்கும் ஆற்றோரங்களில் அணையோ வீதியோ அமைக்குமுன் இந்த ஓர்கிட்டைத் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. தேடியதால் கிடைத்தது. 1990களில் வயோமிங், மொன்டானா, நெப்ரஸ்கா, ஐடஹோ, வாஷிங்டன் மாநிலங்களிலும், பின்னர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணியதைவிட அது பரவலாக உள்ளது என்ற அடிப்படையில் 2025 ஜனவரியில் மத்திய வனசீவராசிகள் சேவை அதனைப் பட்டியலிலிருந்து நீக்கும் முன்மொழிவை வெளியிட்டது.

மீண்டுவிட்டதென நீக்கப்படும் இனத்தை அதன் பின்னர் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது கண்காணிக்க வேண்டும் என்கிறது சட்டம். பல பருவங்கள் மண்ணுக்குள் உறங்கக்கூடிய செடிக்கு ஐந்தாண்டு என்பது எவ்வளவு குறுகிய காலம் என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் அறிவார்கள். மத்திய பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போல்டர் நகர சாசனத்தின் 1986ஆம் ஆண்டு வாசகத்துக்குக் காலவரையறை கிடையாது. ஓகஸ்ட் மாதத்தில் ஈரப்புல்லுக்குள் இறங்கி நடக்க ஆட்களைத் தேடுவதும் அவர்களுக்குச் சம்பளம் ஒதுக்குவதும் அந்த மாநகரசபையின் வரவுசெலவுத் திட்டத்துக்குரிய விடயங்கள்.